பதினோரு எழுத்து வசனம்

எங்கள் ஞாயிறு பள்ளியில் வாரத்துக்கு ஒரு மனப்பாட வசனம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் சுவரில் தொங்கும் அட்டவணையில், பெயருக்கு நேரே, ஒரு தங்கநிற நட்சத்திரம் ஒட்டுவார்கள். எந்த வசனம் என்பது அவரவர் விருப்பம். இந்தச் சலுகையை யோசித்தவர் பிள்ளைகளோடு அதிகம் பழகாதவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

எட்டு வயதில் நான் யோவான் 11:35-ஐக் கண்டுபிடித்தேன். "இயேசு கண்ணீர் விட்டார்." அவ்வளவுதான் வசனம். மூன்றே சொல். ஞாயிறு காலையில், செருப்பு மாட்டும்போது படித்தால்கூடப் போதும். ஒரே வசனத்தைத் திரும்பச் சொல்லக்கூடாது என்று விதி எதுவும் இல்லாததால் இரண்டு வாரம் அதையே சொன்னேன். மூன்றாவது வாரமும் சொல்லத் தயாராக நின்றபோது, என்னைவிட ஒரு வயது மூத்த பையன் ஒருவன் எழுந்தான். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்றான். முதலாம் தெசலோனிக்கேயர் 5:16. இரண்டே சொல். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

சொல்லை எண்ணக்கூடாது, எழுத்தைத்தான் எண்ண வேண்டும் என்று நான் வாதாடினேன். நோட்டின் பின்னட்டையில் எழுதி, விரல் வைத்து எண்ணினோம். அவனுடையது பதினாறு எழுத்து. அதற்கு அடுத்த வசனமான "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்பதையும் இழுத்து வந்தான், பதினைந்து. என்னுடையது பதினொன்று. வெற்றி எனக்குத்தான் என்று நான் நிமிர்ந்தபோது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் மெல்லச் சொன்னாள்: "கொலை செய்யாதிருப்பாயாக."

எண்ணிப் பார்த்தோம். அதுவும் பதினொன்று.

(சந்தேகமுள்ளவர்கள் இப்போதே எண்ணிப் பார்க்கலாம். நான் பலமுறை எண்ணிவிட்டேன்.)

எங்களுக்குப் பாடம் எடுத்த அக்கா முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விதி மாறியது. எந்த வசனத்தையும் சொல்லலாம்; ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் நட்சத்திரம். சின்ன வசனத்தைத் தேடி ஓடிய எங்கள் தலையில் முழு அதிகாரமே வந்து விழுந்தது. எனக்கு யோவான் பதினொன்றாம் அதிகாரம். அதில் ஐம்பத்தேழு வசனம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சண்டைக்கு அப்போஸ்தலர் யாரும் பொறுப்பில்லை. அவர்கள் எழுதியதில் வசன எண்ணே கிடையாது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசனப் பிரிவு, 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்கலைஞர் தம்முடைய கிரேக்கப் பதிப்பில் கொண்டுவந்தது. பயணம் ஒன்றின்போது அதைச் செய்தார் என்று அவருடைய மகன் எழுதியிருக்கிறார். எங்கேயோ ஒரு வழியில், அந்த மூன்று சொற்களுக்குத் தனி எண் கொடுக்க அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. முன் வசனத்தோடு ஒட்டிவிட்டிருந்தால் எனக்கு அந்த நட்சத்திரங்கள் கிடைத்திருக்காது, இந்தக் கட்டுரையும் இல்லை. இன்னொன்று: கிரேக்கத்தில் அந்தப் பையனுடைய வசனத்துக்குப் பதினான்கு எழுத்து, என்னுடையதற்குப் பதினாறு. இது தெரியவந்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. மூல மொழியில் ஜெயித்தது அவன்தான். எங்கே இருக்கிறானோ.

பதினொன்றாம் அதிகாரத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. லாசரு வியாதியாயிருக்கிறான் என்று அவனுடைய சகோதரிகள் ஆள் அனுப்புகிறார்கள். இயேசு கேள்விப்படுகிறார். கேள்விப்பட்டும், இருந்த இடத்திலேயே இன்னும் இரண்டு நாள் தங்குகிறார். பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். கூப்பிட்டும் வராத பெரியவர்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர் வந்து சேரும்போது அடக்கம் முடிந்து நாலு நாள். மார்த்தாள் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்சம் தள்ளி மரியாளும் வந்து அதையேதான் சொல்கிறாள். அந்த நாலு நாளும் வீட்டுக்குள் இருவரும் ஒருவருக்கொருவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று இப்போது நினைக்கிறேன். வேறு எப்படி இருவர் வாயிலும் அதே வார்த்தை வரும்?

மார்த்தாளுக்குக் கிடைப்பது உபதேசம். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற பேருண்மை அவளுக்குச் சொல்லப்பட்டதுதான். அதே வார்த்தையைச் சொன்ன மரியாளுக்கு அது சொல்லப்படவில்லை. அவள் அழுகிறதைப் பார்த்து அவர் கலங்குகிறார், எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார், கண்ணீர் விடுகிறார்.

வகுப்பில் இதையெல்லாம் ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டு அக்காவிடம் கேட்டேன். அதே அதிகாரத்தில், புறப்படும் முன்பே, "நான் அவனை எழுப்பப்போகிறேன்" என்று சீஷரிடம் சொல்லிவிட்டாரே; இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து வரப்போகிறவனுக்காக ஏன் அழ வேண்டும்?

அக்கா அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியவில்லை" என்றார். "நானும் அதை யோசித்திருக்கிறேன்."

நட்சத்திரம் கிடைத்தது. ஆனால் அன்று வீட்டுக்கு வரும்போது நான் நினைத்துக்கொண்டு வந்தது அந்தத் "தெரியவில்லை"யைத்தான். வேதத்தைப் பற்றிப் பெரியவர் ஒருவர் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்டதில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் கையில் விடை வைத்திருந்த போதகர்கள் பலரைக் கடந்து வந்திருக்கிறேன். அவர்கள் சொன்ன விடை எதுவும் நினைவில் இல்லை. அக்காவின் "தெரியவில்லை" நாற்பது வருடமாகக் கூடவே வருகிறது.

விதி மாறிய பிறகு எனக்கு வந்த இன்னொன்று இருபத்து மூன்றாம் சங்கீதம். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." வகுப்பிலேயே குள்ளம் நான்தான். வரிசையில் எப்போதும் முதல் ஆள். ஆகவே இந்த வசனம் எனக்கென்றே எழுதப்பட்டது என்று நம்பினேன். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, தினமும் சங்கீதத்தைச் சொல்லிவிட்டு முதுகை ஒட்டி நின்று பார்ப்பேன். தாழ்ச்சி என்றால் குறைவு, எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்றுதான் பொருள் என்று பாட்டி விளக்கியபோது பெரிய ஏமாற்றம். 1871-இல் வெளியான போவர் மொழிபெயர்ப்பின் தமிழ் அது. எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு மட்டும் அந்தத் தமிழ், மற்ற நேரத்துக்கு வேறு தமிழ். 1995-இல் வந்த திருவிவிலியத்தில் "ஆண்டவரே என் ஆயர்; எனக்கேதும் குறையில்லை" என்று தெளிவாக இருக்கிறது. சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் அதைப் படித்து எந்தப் பிள்ளையும் கதவு நிலையில் போய் நிற்காது என்பதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு.

முன்னால் என்ன என்று அக்கா கேட்பாரே என்று பக்கத்தைத் திருப்பினால், இருபத்திரண்டாம் சங்கீதம்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் யாராயிருந்தாலும் அவருக்கு வாழ்க்கை தெரிந்திருக்கிறது.

இனி அப்பாவைப் பற்றி.

எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேதபாகம், அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். கண்ணை மூடியிருக்க வேண்டும். ஜெபத்தில் கண்ணைத் திறந்த பிள்ளையைப் பெரியவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அந்த வயதில் எனக்கு ஓர் அற்புதமாகவே தோன்றியது. நான் அப்பாவுக்கு அடுத்து உட்காருவேன். என் தலை அவர் தோளுக்குக் கீழே இருக்கும்; அவர் குரல் மேலிருந்து இறங்கி வருவதைப்போல இருக்கும்.

ஒரு நாள் அந்தக் குரல் நடுவில் நின்றது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" வரை இருந்தது. அதற்கடுத்த "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் இல்லை. "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று வரும்போது மறுபடியும் சேர்ந்துகொண்டது. தும்மலோ இருமலோ என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். அப்பா கண்ணை இறுக்கி மூடியிருந்தார். உதடும் மூடியிருந்தது. கை இரண்டும் முழங்காலின் மேல் இருந்தன. எதிரில் அம்மா, அந்த ஒரு வரியை மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஓட்டை விழுந்த இடத்தில் துணியை அடைப்பதைப்போல.

காரணம் எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். அப்பாவின் நெருங்கிய நண்பர் ஒருவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். தொழிலுக்கென்று அப்பாவிடம் பணம் வாங்கியிருந்தார். வாங்கியவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கோவிலில் பார்த்தாலும் வேறு வாசல் வழியாகப் போய்விடுவார். பெரியவர்களின் தாழ்ந்த குரலிலிருந்து பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளும் செய்தி எப்போதுமே இவ்வளவுதான் இருக்கும்.

அம்மாவிடம் கேட்டேன்: "அப்பா அந்த வரியை மறந்துவிட்டாரா?"

"மறக்கவில்லை. அதனால்தான்" என்றார் அம்மா. உடனே, "நீ ஏன் ஜெபத்தில் கண்ணைத் திறந்தாய்?"

ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போயிற்று. ஆராதனையில் எல்லாரும் சொல்லும் வாசகம் வேறு; அங்கே கடன் இல்லை, குற்றம் என்றுதான் வரும். "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. யார், என்ன என்று கணக்குக் கேட்காத சொல் அது. வீட்டிலும் அதையே சொல்லிச் சமாளித்திருக்கலாம். அப்பா மத்தேயுவின் வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டார். கிரேக்கத்தில் மத்தேயு எழுதியிருப்பதும் கடன் என்ற சொல்தான். லூக்கா முதல் பாதியில் பாவங்கள் என்று எழுதினாலும் இரண்டாம் பாதியில் "எங்களிடத்தில் கடன்பட்ட எவனுக்கும்" என்று கடனுக்கே திரும்பிவிடுகிறார்.

மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் மத்தேயு 18-ஐ எடுப்பார்கள். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன். அவனிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன் வேலைக்காரன். பெரிய கடன் மன்னிக்கப்பட்டவன் சின்னக் கடனுக்காகத் தொண்டையை நெரித்தான் என்று சொல்லி, அந்த நூறு வெள்ளிப்பணத்தைக் கையால் தட்டிவிடுவதைப்போலக் காட்டுவார்கள். எனக்கு இதில் எப்போதும் ஒரு மனத்தாங்கல். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. இதே மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்குப் பேசிய கூலி அதுதான். அப்படியானால் நூறு வெள்ளிப்பணம் நூறு நாள் உழைப்பு. கூலிக்குப் போகிற எவருக்கும் அது சின்னத் தொகை இல்லை. ஒரு தாலந்து ஆறாயிரம் வெள்ளிப்பணம் என்று வைத்தால், பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம். அதற்கு எதிரில் வைத்துத்தான் நூறு நாள் சிறியதாகிறது. சொன்னவர் அந்தத் தொகையை ஒரு காசு, இரண்டு காசு என்று வைக்கவில்லை. மன்னிக்கிறவனுக்கு உண்மையாகவே நஷ்டம் உண்டு என்பதைக் கணக்கிலேயே சேர்த்துவிட்டுத்தான் கதை சொல்கிறார். அப்பா எத்தனை நாள் உழைப்பைக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு இரவு அந்த வரியில் அப்பாவின் குரல் திரும்ப வந்தது. மற்ற வரிகளைவிடத் தாழ்வாக, கொஞ்சம் பிந்தி வந்தது. அம்மாவின் குரல் அன்று தன்னால் இறங்கியது. நான் கண்ணைத் திறக்கவில்லை, திறக்கத் தோன்றவில்லை. பணம் வந்துவிட்டதோ என்று மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். வரவில்லை என்றார். பிறகு என்ன நடந்தது? முன்னால் என்ன, பின்னால் என்ன என்று கேட்கப் பழகிய எனக்கு அப்பாவின் அந்த ஒரு வருடத்தின் முன்னும் பின்னும் கிடைக்கவே இல்லை. அவர் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. சாட்சியாகக் கோவிலில் எழுந்து சொல்லவும் இல்லை. சொல்ல முடியாத வரியைச் சொல்லாமலிருந்தார்; முடிந்தபோது சொன்னார்.

மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். மன்னித்துவிடு, மனம் லேசாகிவிடும் என்கிற வகையில், ஒரு விளக்கை அணைக்கச் சொல்வதைப்போலச் சொல்வார்கள். தோளுக்கு மேலே ஒரு வருடம் நின்றுபோயிருந்த அந்தக் குரலை அருகிலிருந்து கேட்ட பிறகு, அந்தப் பேச்சு எதுவும் எனக்கு ஒட்டவில்லை.

அப்பா இறந்தபோது நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் அழாதே, அழாதே என்றார்கள். அப்பா கர்த்தரிடத்தில் இருக்கிறார், அழுவது அவிசுவாசம் என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதற்கு வசனமும் சொன்னார். முதலாம் தெசலோனிக்கேயர் 4:13. "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார்; துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த நேரத்தில் அதை வாதாட எனக்குத் தெம்பில்லை. என் மனதில் ஓடியதெல்லாம் பதினோரு எழுத்துதான். எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தவரே, கல்லை எடுத்துப்போடச் சொல்வதற்கு முன்னால், ஒரு நிமிடம் நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். ஏன் என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பது அன்று தேவைப்படவும் இல்லை.

பிற்பாடு ஒரு சின்ன விஷயம் கவனித்தேன். அந்த அதிகாரத்தில் மரியாளும் யூதர்களும் அழுவதற்குக் கிரேக்கத்தில் ஒரு சொல், வாய்விட்டு அழுவதைச் சொல்லும் சொல். இயேசுவுக்கு வேறொரு சொல்; புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓர் இடத்தில் மட்டுமே வரும் வினைச்சொல். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அதைத் தவறவிடவில்லை. மற்றவர்களுக்கு "அழுகிறதையும்", அவருக்கு "கண்ணீர் விட்டார்". சத்தமில்லாமல் வழிந்திருக்கிறது. நட்சத்திரத்துக்காக நான் ஒப்பித்த மூன்று சொல்லில் ஒருவர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொல் பொறுக்கியிருக்கிறார்.

அடக்க ஆராதனை தொடங்கும் முன்பு, வாசலில் வயதான ஒருவர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அம்மாவுக்குத் தெரிந்தது. எழுந்து வாசல்வரை போய், "வாருங்கள் அண்ணா" என்றார். மாமா உள்ளே வந்து பெட்டியின் கால்மாட்டில் நின்றார். எதுவும் பேசவில்லை. சத்தமும் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது குடும்ப ஜெபம் நடத்துவது நான். அப்பாவின் வார்த்தையைத்தான் வைத்திருக்கிறேன், கடன், கடனாளி. இந்த இரண்டு மாதமாக எனக்கும் அந்த வரியில் ஒருவர் இருக்கிறார். பண விஷயம் இல்லை, வேறு. இங்கே எழுதக்கூடியதும் இல்லை. நேற்று இரவும் ஆகாரம் வரைக்கும் வந்து நிறுத்தினேன். மற்றவர்கள் தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனார்கள். "சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்று சேர்ந்துகொள்ள வாயெடுத்தபோது, ஏனோ கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.